வீட்டுக் கிரயம் (தமிழ்நாடு)

வீட்டுக் கிரயம் என்பது விலை பேசி முடிந்தபின் முன்பணம் முதல் பட்டா மாறுதல் வரை வாங்குபவர் நிறைவேற்றும் சட்ட நடைமுறை. சொத்து மாற்றுச் சட்டத்தின் (1882) 54ஆம் பிரிவுப்படி கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் உரிமை தராது. பதிவான கிரயப் பத்திரமே தரும். ஒப்பந்தத்தைப் பதிவதும் 2012 டிசம்பர் முதல் கட்டாயம். நடைமுறையில் இது பலமுறை தவிர்க்கப்படுகிறது.

முன்பணத்துக்குப் பின் வழக்கறிஞர் தாய்ப்பத்திரம், வரி ரசீது, வில்லங்கச் சான்று ஆகியவற்றைச் சரிபார்ப்பார். வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களையே காட்டும். பதியாத வாரிசுரிமை அதில் தெரியாது.

விலை, அரசு வழிகாட்டி மதிப்பு இரண்டில் உயர்ந்ததன்மீது முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. ரூ.60 லட்சம் வீட்டுக்கு இது ரூ.5.4 லட்சம். புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு விகிதம் குறையலாம். வீட்டின் விலை ரூ.10 லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் இத்தொகையைக் கடன் வரம்புக் கணக்கில் சேர்ப்பதில்லை. முதன்முறை வாங்குவோர் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். ரூ.50 லட்சம் முதல், விற்பவருக்குரிய தொகையில் 1% பிடித்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும்.

எழுதிக் கையொப்பமிட்ட பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பட்டா, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றங்கள் அதன்பின் வரும்.