குளத்து மட்டியும் தோல் பற்றீரியாவும்

2009 இல் காயப்பட்ட என் மாமாவின் தொடையெலும்பில் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. பழையதை எடுத்துவிட்டுப் புதிய தகடு வைத்த சில மாதங்களில் அந்த இடம் வீங்கிச் சீழ் கட்டியது. "இது உங்கட தோலில இருக்கிற கிருமிதான்" என்றார் வைத்தியர். மாமா நம்பவில்லை. "நான் நாளாந்தம் குளிக்கிறனான். குளத்துத் தண்ணியாலதான் வந்திருக்கும்" என்றார். அதனால் குளத்தில் வாழும் ஓர் உயிரையும் தோலில் வாழும் ஓர் உயிரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

குளத்து மட்டி: நமது குளங்களில் காணப்படும் பெரிய மட்டிகள் பல லமெல்லிடென்ஸ் பேரினத்தைச் சேர்ந்தவை. சில சென்ரிமீற்றர் நீளமானவை. சேற்றில் பாதி புதைந்திருந்து நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள அல்காக்களையும் பற்றீரியாக்களையும் வடித்துண்டு, நீரை வெளிவிடும். இதன் குடம்பிகள் மீனின் பூவிலோ செட்டையிலோ பற்றியிருந்து வளர்ந்து, பின்னர் சேற்றில் விழும்.

தோல் பற்றீரியா: பெயர் ஸ்டெபிலோகொக்கஸ் எபிடெர்மிடிஸ். ஆயிரத்தை வரிசையாக அடுக்கினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வரும். ஒரேயொரு கலம், அதில் கரு இல்லை. இரண்டாகப் பிரிந்து பெருகி, திராட்சைக் குலைபோலக் கூடியிருக்கும். எல்லோருடைய தோலிலும் இருக்கிறது. எவ்வளவு குளித்தாலும் முற்றாகப் போகாது. போகவும் தேவையில்லை. இதன் சில வகைகள், சீழ்க்கட்டுகளை உண்டாக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் கிருமியைத் தடுக்கின்றன.

இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கும்வரை நமக்குத் தீங்கில்லை. மட்டி நீரைத் தெளிய வைக்கிறது. பற்றீரியா தோலைக் காக்கிறது. ஆனால் சத்திரசிகிச்சையின்போது இந்தப் பற்றீரியா தோலிலிருந்து உள்ளே போய் உலோகத்தையோ பிளாஸ்ரிக்கையோ பற்றிக்கொண்டால், தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தை உண்டாக்கும். மட்டிக்கு ஓடு போல இதற்கு அந்தப் படலம். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளால் அதற்குள் இருக்கும் கிருமிகளை இலகுவில் அழிக்க முடியாது. பல வேளைகளில் தகட்டையே எடுக்க வேண்டி வரும்.

ஆகவே இது அசுத்தத்தால் வந்த நோயல்ல, வெட்கப்பட ஒன்றுமில்லை. உடலில் தகடோ ஆணியோ உள்ள இடத்தில் நோவு, சிவப்பு, வீக்கம், கசிவு, காய்ச்சல் இருந்தால் பாமசியில் தாமாக மருந்து வாங்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். உள்ளே உலோகம் இருப்பதை முதலில் சொல்லுங்கள். இடப்பெயர்வில் மருத்துவப் பத்திரங்கள் தொலைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம்: எக்ஸ்ரேயில் தகடு தெரியும்.