முட்காளானும் மரோட்டியும்: ‘ஹிட்னம்’ என்னும் பெயரின் வரலாறு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவின் நாட்டுமருந்துக் கடைகளில் மரோட்டி எண்ணெய் என்று கேட்டால் உடனே விளங்கிக்கொள்வார்கள். சித்த மருத்துவம் நீரடிமுத்து என வழங்கும் மரமும் இதுவே. தாவரவியலார் இதன் பேரினத்துக்கு இட்ட பெயர் ஹிட்னோகார்ப்பஸ். காளான் நூல்களிலோ ‘ஹிட்னம்’ என்றொரு பேரினம் உண்டு. குடையின் அடிப்புறத்தில் செவுள்கள் இருக்க வேண்டிய இடத்தில், பற்களைப் போல முட்கள் தொங்கும் காட்டுக்காளான் அது. ஒரு மரமும் ஒரு காளானும் ஒரே சொல்லை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டன என்ற கேள்வி நம்மை வகைப்பாட்டியலின் வரலாற்றுக்குள் அழைத்துச் செல்கிறது.

‘ஹிட்னோன்’ என்பது பழைய கிரேக்கச் சொல். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் தியோஃபிராஸ்டஸ் வேரற்றவற்றுள் ஒன்றாக இதைக் குறிப்பிடுகிறார். மண்ணுக்கடியில் உருண்டையாக விளையும் டிரஃபிள் என்னும் பூஞ்சையே அச்சொல்லின் பொருள். அது இடியினால் தோன்றுகிறது என்ற நம்பிக்கை அங்கு நிலவியது. புளூட்டார்க் அதைப் பற்றி ஓர் உரையாடலே எழுதியிருக்கிறார். இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று நம் ஊர்களில் சொல்வதும் இத்தகையதே. ஆனால் முள்ளுக்கும் அச்சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

1753இல் லின்னேயஸ் தமது ‘ஸ்பீசிஸ் பிளான்டாரம்’ நூலில் அப்பெயரை எடுத்து முட்காளான்களுக்குச் சூட்டினார். ரெபான்டம், இம்பிரிகாட்டம், டொமென்டோசம், ஆரிஸ்கால்பியம் ஆகியவை அப்பேரினத்துள் இடம்பெற்றன. 1788இல் கேர்ட்னர் இலங்கை மரமொன்றின் கனி டிரஃபிளை ஒத்திருக்கக் கண்டு ஹிட்னோகார்ப்பஸ் என்ற பேரினத்தை நிறுவினார். ராஜா கேசவதாஸ் திருவிதாங்கூரின் திவானாக இருந்து சாலைக் கடைத்தெருவை வளர்த்த காலமும் ஏறத்தாழ இதுவே. ஆக, சொல்லின் பழைய பொருள் முட்காளானில் மறைந்து மரத்தில் நிலைபெற்றது.

பெயரின் குழப்பம் இத்துடன் முடியவில்லை. 1821இல் எலியாஸ் ஃபிரீஸ் காளான்களை அவற்றின் அடிப்பரப்பைக் கொண்டு வகுத்தார்: செவுள் உடையவை, துளை உடையவை, முள் உடையவை. ஸ்போர்கள் உருவாகும் பரப்பு அதுவாதலால் அவ்வளவுகோல் நியாயமாகவே தோன்றியது; களத்தில் கண்ணால் பார்த்தே சொல்லிவிடவும் முடிந்தது. எனவே முள் தென்பட்டவை பலவும் ஹிட்னம் ஆயின. தரையில் குடையாக நிற்பதும், மரத்தில் தாடி போலத் தொங்குவதும், பட்டுப்போன கிளையில் தோலாகப் படர்வதும் ஒரே பெயரின்கீழ்ச் சேர்ந்தன.

முள்ளம்பன்றியையும் முள்ளெலியையும் முள்ளைக் கண்டு ஓரினம் என்பதற்கு ஒப்பானது இது. முன்னது கொறிவிலங்கு, பின்னதற்கு அதனோடு நெருங்கிய உறவில்லை. முள் என்பது ஸ்போர் உண்டாகும் பரப்பைப் பெருக்கும் ஓர் உத்தி. அது பூஞ்சைகளில் பல முறை தனித்தனியே தோன்றியிருக்கிறது.

நுண்ணோக்கியின் துணையுடன் கார்ஸ்டன், பட்டூயார் முதலியோர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இத்தொகுப்பைப் பிரிக்கத் தொடங்கினர். மாஸ் ஹீஸ்டரானஸ் 1971இல் கீழை நாடுகளின் முட்காளான்களைப் பற்றி விரிவாக எழுதினார். பின்வந்த டி.என்.ஏ. ஆய்வுகள் பிரிவினையை உறுதிசெய்தன. லின்னேயஸின் மேற்சொன்ன நான்கில் ரெபான்டம் மட்டுமே இன்று ஹிட்னம். இம்பிரிகாட்டம் சார்கோடான் ஆயிற்று. டொமென்டோசம் ஃபெல்லோடான் ஆயிற்று. ஆரிஸ்கால்பியம் என்பதே தனிப் பேரினமாகி ருசுலா துறையைச் சேர்ந்தது. சிங்கப்பிடரி எனச் சந்தைப்படுத்தப்படும் ஹெரிசியமும் ஒருகாலத்தில் ஹிட்னமாக இருந்து அதே துறைக்குச் சென்றதுதான். ஹிட்னத்தின் நெருங்கிய உறவோ, முள்ளே இல்லாத கான்தரெல்லஸ்.

வட்டாரப் பெயர்கள் குழப்பும், இலத்தீன் பெயர்கள் தெளிவிக்கும் என்று வகுப்பறைகளில் கற்பிக்கிறோம். இவ்வரலாறு அக்கூற்றை மறுபரிசீலனை செய்யக் கோருகிறது. 1678இல் வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’ முதல் தொகுதியில் ‘மரோட்டி’ என்ற பெயர் அச்சேறியது; இன்றும் அம்மரத்துக்கு அதுவே பெயர். அதன் இலத்தீன் சிற்றினப் பெயரோ வைட்டியானா, லாரிஃபோலியா, பென்டாண்ட்ரா என மாறிவந்துள்ளது. இதனால் இலத்தீன் பெயர் பயனற்றது என்று ஆகிவிடாது. ஒவ்வொரு மாற்றமும் காரணத்தோடு பதிவாகியிருப்பது அதன் வலிமை. இடையறாத புழக்கத்தால் நிலைத்திருப்பது வட்டாரப் பெயரின் வலிமை. இரண்டையும் வரலாற்று ஆவணங்களாகவே படிக்க வேண்டும்.

பூஞ்சைப் பட்டியல்களைக் கையாளும் மாணவர்களுக்கு இது நடைமுறைச் சிக்கல். பழைய பட்டியலொன்றில் ‘ஹிட்னம்’ என்று கண்டால் அதை அப்படியே உங்கள் அட்டவணையில் சேர்க்காதீர்கள். எழுதியவர் யார், எந்த ஆண்டில், யாருடைய வகைப்பாட்டைப் பின்பற்றினார் என்று பாருங்கள். மாதிரி ஏதேனும் ஹெர்பேரியத்தில் உள்ளதா என்று தேடுங்கள். மாதிரியும் விரிவான விளக்கமும் இல்லையெனில், முள் உடைய ஏதோவொரு காளான் அங்கிருந்தது என்பதற்கு மேல் அப்பதிவிலிருந்து எதையும் முடிவுசெய்ய இயலாது. களத்தில் நீங்கள் சேகரிக்கும்போதும் மாதிரியுடன் உள்ளூரார் சொல்லும் பெயரைச் சேர்த்தே எழுதிவையுங்கள். இலத்தீன் பெயர் நாளை மாறினாலும் அந்த இரண்டையும் கொண்டு பின்வருவோர் அதை மீண்டும் அடையாளம் காண முடியும்.