வல்லாரை பறிக்கப் போறீங்களா? கேமரன் மலைப் பாட்டிகளுக்குத் தெரிந்ததும் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதும்

தேயிலைச் சரிவில் வெறுங்காலோடு நின்று, மூச்சைக் கவனித்து, கூடையோடு காட்டுக்கீரை தேடும் பெண்களின் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இதற்கு ஃபோரேஜிங், மைண்ட்ஃபுல்னஸ் என்றெல்லாம் பெயர். கேமரன் மலையில் கொழுந்து பறித்த ஒரு பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், "கீரை பறிக்கிறதுக்கா இவ்ளோ பேரு?" என்றுதான் கேட்பார்.

லயத்துக்குத் திரும்பும் வழியில்

ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929இல். அப்போது மலாயாத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1938இல் இந்திய அரசு அதை நிறுத்தியது. தோட்டப்புறப் பெண்களுக்குப் பகலில் வேலை, திரும்பும் வழியில் குழம்புக்குக் கீரை. வல்லாரை, மணத்தக்காளி, முள்ளுக்கீரை என ஊரில் பார்த்த செடிகளே இங்கேயும் களையாக முளைத்தன. மலாய்க்காரர்கள் 'பெகாகா' என்று உலாமாகச் சாப்பிடுவதும் நாம் துவையல் அரைக்கும் வல்லாரையும் ஒன்றுதான். செமாய் பூர்வகுடிப் பெண்கள் 'பூச்சோக் பாக்கு' என்ற பெரணிக் கொழுந்தைப் பறித்தார்கள், இன்றும் பறிக்கிறார்கள்.

மருந்தும் இதே வழியில் வந்தது. சளிக்குக் கற்பூரவல்லி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமும் செலவு ரசமும். எழுதி வைத்த குறிப்பு எதுவும் கிடையாது, மாமியார் சொல்ல மருமகள் கேட்டதுதான். இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். செடியின் பெயர் தெரிந்தவர் ஓர் ஊரில், அதைக் கேட்க ஆசைப்படும் பேத்தி இன்னோர் ஊரில்.

காட்டில் நடந்தால் மனசு லேசாகும் என்பதில் சந்தேகமில்லை. ஜப்பான் அரசு 1982இலேயே இதற்கு 'ஷின்ரின்-யோகு', அதாவது வனக்குளியல் என்று பெயர் வைத்தது. ஆனால் மழையிலும் அட்டைக்கடியிலும் எடைக்கணக்குக்குக் கொழுந்து பறித்தவருக்கு மலை ஓய்விடம் இல்லை. அவர் மூச்சைக் கவனித்திருந்தால் அது மேடு ஏறும்போதுதான். இதை மறந்துவிட்டு 'பாட்டிகளின் அமைதியான வாழ்க்கை' என்று ரீல்ஸ் போடுவது கொஞ்சம் ஓவர்.

அப்போ அங்கே போய்ப் பறிக்கலாமா?

முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்தில் மருந்தடித்திருக்கிறார்களா என்பது. பாட்டிக்குக் கீரையாக இருப்பது தோட்ட நிர்வாகத்துக்குக் களை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியா 2002இல் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது. தோட்டங்களில் அதைத் தெளித்தவர்களில் பெண்கள் ஏராளம். அவர்களுடைய உடல்நலம் பற்றி தெனாகானித்தா அமைப்பு 2002இலேயே அறிக்கை வெளியிட்டது. இன்றும் மற்ற மருந்துகள் தெளிக்கப்படுகின்றன. கழுவினால் எல்லாம் போய்விடாது. வல்லாரைக்கு இன்னொரு குணம் உண்டு: மண்ணில் ஈயம் போன்ற உலோகங்கள் இருந்தால் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். சாலையோரம், காய்கறித் தோட்டத்துக் கால்வாயோரம் பறிக்கவே வேண்டாம். வனக்காப்பகத்தில் அனுமதியில்லாமல் பறிப்பது 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம்.

கீழாநெல்லி மஞ்சள் காமாலையைப் போக்குமா?

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு ஒரு மாதம் கீழாநெல்லி கொடுத்ததில், 22 பேரின் ரத்தத்தில் அந்தக் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் கிடைக்கவில்லை. பாட்டி சொன்னது பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. காமாலைக்குக் காரணங்கள் பல. ஆனால் கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் கிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பிணிகளும், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எந்த மூலிகையையும் டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக்கூடாது. பாட்டி வைத்தியத்தில் பழக்கமான ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே கெடுக்கும்.

எங்கே தொடங்குவது?

மலையேற வேண்டியதில்லை. அடுத்த முறை பாட்டியைப் பார்க்கப் போகும்போது போனைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செடியை இலை, பூ, தண்டோடு படமெடுத்து, தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும், எதற்கு, எவ்வளவு என்பதையும் அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். வரும்போது ஒரு கற்பூரவல்லித் தண்டை ஒடித்து வாங்கி வாருங்கள். காண்டோ பால்கனித் தொட்டியில் நட்டால் சீக்கிரமே வேர்விட்டுவிடும்.