சொந்த ஊர் எது? - கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பூர்வீகத் தேடல்

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வைகையின் மூலத்தைத் தேடிப் போனால் வருசநாட்டு மலைக்காட்டில் எந்த ஓடையை ஆறு என்று சொல்வது என்றே குழப்பம் வந்துவிடும். மனிதர்களின் மூலமும் அப்படித்தான். தாத்தாவின் பெயர் தெரியும். தாத்தாவின் அப்பா பெயர் வீட்டில் ஒருவருக்காவது ஞாபகம் இருக்கும். அவர் எந்த ஊரில் பிறந்தார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

தெரியாவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம் நண்பர்களே. நமக்கு நஷ்டமில்லை. ஆனால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முடியாததால் லட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆன கதை நமக்குப் பக்கத்திலேயே, இலங்கையில் நடந்தது. பூர்வீக ஊரைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத் தேனி மாவட்டத்தை வைத்துப் பார்ப்போம்.

வந்தவர்களும் போனவர்களும்

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லையாறும் சுருளியாறும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாக ஊர்கள். இதுதான் கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே தமிழ் பேசும் குடும்பங்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே கன்னடம் பேசும் குடும்பங்களும் தெலுங்கு பேசும் குடும்பங்களும் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வடக்கே துங்கபத்திரைக் கரையிலிருந்து படையெடுப்புக்குப் பயந்து வந்தோம், வெள்ளம் ஓடிய ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றபோது கரையிலிருந்த பொங்க மரம் வளைந்து பாலமாகி வழிவிட்டது என்று ஒரு கதை அவர்களில் சிலரிடம் உண்டு. 1900-களின் தொடக்கத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் இந்தக் கதையைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கதையில் வருஷம் கிடையாது, ஊர்ப் பெயர் கிடையாது. ஒரு ஆறும் ஒரு மரமும் மட்டும்தான் மிச்சம்!

இதே மதுரைச் சீமையிலிருந்து வெளியே போனவர்களும் ஏராளம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மழை பொய்த்தால் மதுரைப் பக்கம் பிழைக்க வழியில்லை. இலங்கையின் காப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும், மொரிசியஸ், நட்டால் ஆகிய இடங்களின் கரும்புத் தோட்டமும் மாகாணம் முழுவதிலிருந்தும் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

கப்பல் பட்டியலில் ஒரு வரி

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இப்படி 1,52,184 பேர் நட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகப் போனவர்கள்.

ஒப்பந்தக் கூலிகள் என்பதால் ஆளுக்கு ஒரு எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரைக்கும் பட்டியலில் உண்டு. பிஜிக்குப் போனவர்களுக்கும் இதே மாதிரி சீட்டு எழுதப்பட்டது. மொரிசியஸில் 1860-களிலிருந்து போட்டோ கூட எடுத்து வைத்திருக்கிறார்கள். கூலி ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய பட்டியல்தான் இது. ஆனால் இன்று கொள்ளுப்பேரன்கள் ஊரைத் தேடி வருவதற்கு இதுவே துணையாக இருக்கிறது. நட்டால் பட்டியல்களை இப்போது கணினியிலேயே தேடலாம்.

அப்படியானால் வேலை சுலபம்தானே என்று தோன்றும். இல்லை!

ஜெர்மானியர்களுக்கும் இதே தலைவலி

அமெரிக்காவுக்கு 19-ஆம் நூற்றாண்டில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் குடியேறினார்கள். அவர்களுடைய வாரிசுகள் பழைய குடிக்கணக்கைப் பார்த்தால் பிறந்த இடம் என்ற கட்டத்தில் "பிரஷ்யா" என்றோ "பாடன்" என்றோதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். சிலருக்கு வெறும் "ஜெர்மனி". ஆனால் ஜெர்மனி ஒரே நாடானது 1871-இல்தான். நாடு முழுவதற்குமான அரசுப் பிறப்புப் பதிவு 1876-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய பிறப்பைத் தேட வேண்டுமென்றால் பெரும்பாலும் அந்தந்த ஊர் தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகத்தைத்தான் பார்க்க வேண்டும். எந்த ஊர் என்று தெரியாமல் எந்தத் தேவாலயத்தில் போய்க் கேட்பது? பிரஷ்யா என்ற அரசே 1947-இல் கலைக்கப்பட்டுவிட்டது.

கப்பல் ஏறிய இடத்திலும் அதிர்ஷ்டம் வேண்டும். ஹாம்பர்க் துறைமுகத்தின் பயணிகள் பட்டியல் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் தப்பிப் பிழைத்தது. பிரேமன் துறைமுகத்தின் பழைய பட்டியல்களை வைக்க இடமில்லை என்று அதிகாரிகளே அழித்துவிட்டார்கள். எந்தத் துறைமுகத்தில் ஏறினார் என்பதைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் பூர்வீகம் கிடைக்கிறது அல்லது தொலைகிறது.

எந்தக் கம்பம்? எந்தக் கூடலூர்?

நம் ஊருக்கு வருவோம். ஒருவர் கையில் உள்ள பழைய சீட்டில் "மதுரா ஜில்லா, பெரியகுளம் தாலுகா" என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் விமானத்தில் மதுரைக்கு வந்து இறங்கி மதுரையைச் சுற்றித் தேடினால் ஒன்றும் கிடைக்காது. அன்றைய பெரியகுளம் தாலுகாவுக்குள்தான் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் இருந்தது. உத்தமபாளையம் தனித் தாலுகா ஆனது பிறகுதான். 1910-இல் ராமநாதபுரமும் 1985-இல் திண்டுக்கல்லும் மதுரையிலிருந்து பிரிந்தன. 1996-இல் அறிவிக்கப்பட்ட தேனி மாவட்டம் 1997-இல் செயல்படத் தொடங்கியது. ஆகவே எந்தப் பழைய சீட்டிலும் "தேனி மாவட்டம்" என்று இருக்கவே இருக்காது.

அடுத்த சிக்கல் ஊர்ப் பெயர். ஆந்திராவிலும் ஒரு கம்பம் உண்டு. பெரிய ஏரிக்குப் பேர் போன ஊர். அன்று அது சென்னை மாகாணத்தின் கர்னூல் ஜில்லாவில் இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு கம்பத்துக்கும் ஒரே எழுத்துக்கள்தான். கூடலூர் நீலகிரியிலும் உண்டு, தேனியிலும் உண்டு. புதுப்பட்டிகளுக்குக் கணக்கே இல்லை. ஊர்ப் பெயரை விட ஜில்லா பெயரையும் தாலுகா பெயரையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

மூன்றாவது, எழுத்துப் பிழை. கூலிக்காரர் வாயால் சொன்னதைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ல, ள, ழ எல்லாம் அங்கே ஒன்றுதான். ஆள் பெயரோ கருப்பன், முனியாண்டி, மாயாண்டி. தகப்பன் பெயரும் அதேபோலத்தான் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் முதலியார் "மூட்லி" ஆனார், பிள்ளை "பிள்ளே" ஆனார். பேப்பரில் உள்ளதைச் சத்தம் போட்டுப் படித்து, இந்த ஓசையில் இந்தத் தாலுகாவில் என்ன ஊர் உண்டு என்று யோசித்தால்தான் விடை கிடைக்கும்.

காகிதம் இல்லாமல் போனவர்கள்

கடல் கடந்து தூரமாகப் போனவர்களுக்காவது ஒரு சீட்டு இருந்தது. பக்கத்திலுள்ள இலங்கைக்குப் போனவர்களுக்கு அதுவும் இல்லை. அங்கே ஒப்பந்தம் கிடையாது, கங்காணி முறைதான். கங்காணி தன் ஊருக்கு வந்து, உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவார். ராமநாதபுரக் கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடை. வழியிலேயே காய்ச்சலிலும் காலராவிலும் செத்தவர்கள் எத்தனையோ பேர். யார் எந்த ஊர் என்பது கங்காணியின் மனக்கணக்கில் இருந்தது. தோட்டம் மாறும்போது கையில் கொடுத்த "துண்டு" எனப்படும் சீட்டில் எழுதப்பட்டது கடன் தொகை. பிறகு தகர வில்லை வந்தது. அதில் பொறித்திருந்தது போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண். புறப்பட்ட ஊரை எழுதுவதில் யாருக்கும் அக்கறை இல்லை.

இப்படிப் போனவர்களின் பிள்ளைகளிடம்தான் 1948-இல் சுதந்திர இலங்கை அந்தக் கேள்வியைக் கேட்டது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்த ஆண்டின் குடியுரிமைச் சட்டம். லயத்து அறையில் பிறந்தவருக்கு அந்தக் காலத்துப் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? தவிர, பிரசவத்துக்குப் பெண்கள் ஊருக்கு வந்து போவதும் வழக்கம். அப்படிப் பிறந்த பிள்ளை தோட்டத்திலேயே வளர்ந்து கிழவனானாலும் சட்டப்படி வெளியூர்க்காரன்தான்.

1949-இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை நாடற்றவர்களாகக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். இலங்கையில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இல் வந்த சட்டம்தான் ஒரு வழியாகக் குடியுரிமை கொடுத்தது.

தாய்நாடு திரும்பியவர்கள் மண்டபம் முகாமில் வந்து இறங்கினார்கள். சொந்த ஊர் என்று சொன்ன இடத்துக்குப் போனால் அங்கே நிலமும் இல்லை, அடையாளம் சொல்ல ஆளும் இல்லை. தெரிந்த தொழிலைத் தேடிப் பலர் மறுபடியும் நீலகிரிக்கும் கொடைக்கானல் மலைக்கும் ஏறிப் போனார்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

கடலைத் தாண்டத்தான் வேண்டுமென்பதில்லை. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறினால் ஏலத் தோட்டம், தேயிலைத் தோட்டம். அன்று திருவிதாங்கூர், இன்று கேரளத்தின் இடுக்கி மாவட்டம். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. பட்டியல் சாதியினருக்கான குடியரசுத் தலைவர் உத்தரவு 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. அந்தத் தேதியில் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்ததோ அங்கேதான் சலுகை. தோட்டத் தொழிலாளியின் பேத்தி கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் கேட்டால், தாத்தா 1950-க்கு முன்பே மலைமேல் இருந்தாரா என்ற கேள்வி வருகிறது. கண்ணுக்கெட்டும் தூரத்திலுள்ள மலைக்கே இந்த நிலை!

சாமி சொல்லும் முகவரி

காகிதம் தொலைந்த குடும்பத்திடமும் பெரும்பாலும் ஒன்று மிஞ்சியிருக்கும். அதுதான் குலதெய்வம். கிராமத்தின் பெயர் மறந்தாலும் சாமியின் பெயர் பாட்டி வாயில் இருக்கும். வெறும் "காமாட்சி" என்றால் ஆயிரம் கோயில். ஆனால் "பூட்டிய கதவுக்குப் பூசை நடக்கும் காமாட்சி" என்று ஒரு கிழவி சொன்னால் அது தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியாக இருக்க வாய்ப்பு உண்டு. சித்திரையில் அக்கினிச் சட்டி எடுக்கும் ஆற்றங்கரை மாரி என்றால் வீரபாண்டி கௌமாரியையும் விசாரிக்கலாம். ராயப்பன்பட்டி போன்ற கிறிஸ்தவ ஊர்களில் ஜெர்மானியர்களைப் போலவே ஞானஸ்நானப் பதிவைத் தேடலாம்.

சாமி பெயர் மட்டும் முடிவான சாட்சி ஆகாது. ஒரே குலதெய்வத்தைப் பத்து ஊர்க்காரர்கள் கும்பிடுவார்கள். அது இருக்கும் திசையைக் காட்டும். ஜில்லா, தாலுகா, தகப்பன் பெயர், பங்காளிகள் சொல்லும் தகவல் எல்லாம் சேர்ந்து பொருந்தினால்தான் இதுதான் ஊர் என்று சொல்ல முடியும்.

முடிவாக...

யோசித்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். நட்டாலுக்குப் போனவரின் ஊரை எழுதி வைத்தார்கள். இலங்கைக்குப் போனவரின் ஊரை யாரும் எழுதவில்லை. ஆனால் ஊரையும் பிறப்பையும் நிரூபிக்கச் சொல்லி நாட்டையே பறித்தது இலங்கையில்தான். எழுதாமல் விட்டது தோட்ட முதலாளியும் சர்க்காரும். தண்டனை மட்டும் கூலிக்காரனின் பேரனுக்கு.

துங்கபத்திரையிலிருந்து வந்தவர்களிடம் கம்பத்தில் யாரும் அத்தாட்சி கேட்கவில்லை. மரம் வளைந்த கதையைச் சொன்னார்கள், ஊர் கேட்டுக்கொண்டது. நாலைந்து தலைமுறையில் அவர்களும் கம்பத்துக்காரர்கள் ஆனார்கள். ஆனாலும் அடுத்த சர்க்கார் எப்போது என்ன கேட்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து, அவர்களுடைய அப்பா அம்மா பெயர், பிறந்த ஊர், அந்த ஊர் அப்போது எந்தத் தாலுகா, குலதெய்வம் எது என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதிய தேதியையும் போடுங்கள்.