களப்பு என்னும் சொல்லும் அதன் இரு கரைகளும்

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி வைத்த புதிதில், மட்டக்களப்பிலிருந்து எமது நிருபர் அனுப்பிய வெள்ளச் செய்தியொன்றைச் செப்பனிடும் பொறுப்பு என்னிடம் வந்தது. "களப்பு நீர் வயல்களுக்குள் ஏறிவிட்டது, முகத்துவாரத்தை வெட்டவேண்டும்" என்று அவர் எழுதியிருந்தார். வாசகருக்கு விளங்கட்டும் என்றெண்ணி 'களப்பு' என்பதை 'ஏரி' என்றும், 'முகத்துவாரத்தை வெட்ட' என்பதை 'அணையைத் திறக்க' என்றும் மாற்றிவிட்டேன். அடுத்த வாரம் கொழும்புக்கு வந்த அந்த முதியவர், "தம்பி, அங்க அணை எங்க இருக்கு? அது கடல் போட்ட மணல்மேடு" என்றார். அன்று நாணித் தலைகுனிந்தேன். இந்தச் சொல்லின் மீதான என் அக்கறை அன்றுதான் தொடங்கிற்று.

களப்பு என்பது ஏரியன்று, ஆறுமன்று, கடலுமன்று. நிலத்திலிருந்து வரும் ஆற்று நீரும் கடலிலிருந்து புகும் உப்பு நீரும் கலந்து நிற்கும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு அது. மாரியில் நன்னீராகவும் கோடையில் உவராகவும் மாறும். சங்க இலக்கியத்தின் நெய்தல் நிலத்தில் இதனையொத்த உப்புநீர்ப் பரப்பு 'கழி' எனப்பட்டது. கேரளத்தார் 'காயல்' என்கின்றனர். எமது பாடநூல்கள் 'கடனீரேரி' என்கின்றன. யாழ்ப்பாணத்திலோ தொண்டைமானாறு, உப்பாறு என 'ஆறு' என்றே பெயரிட்டனர்.

மட்டக்களப்பு மக்களின் வழக்கும் ஒன்றல்ல. பேச்சில் 'ஆறு' என்பர். எழுத்தில் 'வாவி' என்பர். ஊரின் பெயரிலோ 'களப்பு' நிலைத்து நிற்கிறது. மட்டமான களப்பு என்பதே மட்டக்களப்பு ஆயிற்று என்பது தமிழர் தரும் விளக்கம். சிங்களத்தில் 'மட' என்றால் சேறு, 'களப்புவ' என்றால் களப்பு. ஆகவே சேற்றுக் களப்பு என்பது அவர்கள் தரும் விளக்கம். எம்மொழிக்கே உரியது என்று இரு சாராரும் வாதிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரே நீரில் வலைவீசிய இரு மக்களிடமும் ஒரே சொல் வழங்குவதில் வியப்பென்ன இருக்கிறது?

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்நீர்ப்பரப்பு பாலமீன்மடுவுக்கு அருகிலும் கல்லாற்றிலும் கடலைத் தொடுகிறது. கோடையில் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழையில் மேற்கேயிருந்து வெள்ளம் இறங்கும்போது அந்த மணலை வெட்டிவிடாவிட்டால் நெல்வயல்கள் அமிழும். உழவருக்கு நீர் விரைவில் வடிய வேண்டும். மீனவருக்கோ நீரும் மீனும் சிறிது காலம் தங்க வேண்டும். எப்போது வெட்டுவது என்ற வழக்கு ஆண்டுதோறும் எழுவதாகும். நான் மாற்றி எழுதிய அந்த வரியில் இந்த வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது.

இந்த நீரே நிலத்தையும் இரண்டாகப் பிரித்தது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. அது விழும் வயற்பக்கம் படுவான்கரை. இவற்றினும் அழகிய திசைப்பெயர்களை நான் கண்டதில்லை. ஆயினும் போர்க்காலத்தில், 2007 வரை, படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலும் எழுவான்கரை அரச படையினரின் கட்டுப்பாட்டிலும் இருந்தபோது, செய்தியாளராகிய நாம் அப்பெயர்களைக் கைவிட்டு 'விடுவிக்கப்படாத பிரதேசம்' என்று எழுதப் பழகினோம். பழஞ்சொல்லுக்குப் பதிலாகப் படைத்தரப்பின் சொல் வந்து குந்திக்கொண்டது. அதனை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று.

அக்காலத்தில் மண்முனைத் துறையில் 'பாதை'க்காகக் காத்து நின்றிருக்கிறேன். மனிதரையும் வண்டிகளையும் ஏற்றி நீரைக் கடக்கும் மிதவைக்கு அங்கு வழங்கும் பெயர் அது. நீரின் மேல் வேறு வழி இல்லாதபோது மிதவையே பாதையாகிவிடுகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் அத்துறையில் அச்சொல்லுக்கு வேலையில்லாமற் போயிற்று. பாலம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. நோயாளிகள் நள்ளிரவிலும் கரைகடக்க முடிகிறது.

ஆனால் சொற்களுக்குப் பாலம் அமைப்பார் இல்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் எம் பிள்ளைகள், ஊர்ப்பெயரில் உள்ள களப்பு என்பது யாதென்று கேட்டால், அன்புகூர்ந்து 'ஏரி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பிழையை நான் ஒருவன் செய்தது போதும்.