புரவியின் குளம்பும் பாண்டியர் பொருளும்

மாத்தளை மாவட்டத்தின் வடமேற்குப் புறத்தே, குருநாகலிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கலேவெல. அதற்கு வடக்கே தாதுசேனன் கட்டுவித்த கலாவெவ என்னும் பெருங்குளம். கிழக்கே தம்புள்ளைக் குகைக் கோயில். மேற்கே ஒரு காலத்தில் அரசிருக்கையாக விளங்கிய யாப்பகூவாக் குன்று. வயலும் குளமும் சேனையும் சூழ்ந்த இப்பகுதியின் உழவுக்கும் சுமைக்கும் துணை நின்றவை எருதும் எருமையுமே. குதிரை இந்நிலத்துக்குரிய விலங்கன்று. ஆயினும், அநுராதபுர அரசின் ஆட்சிப் பரப்புள் அடங்கியிருந்த இவ்வுலர் வலயத்தின் பழைய வரலாற்றில் குதிரை இரு முறை குறிப்பிடத்தக்க வகையில் தோன்றுகின்றது.

கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் நீதி வழுவாது ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரை வணிகன் ஒருவனின் மைந்தர் என மகாவம்சம் கூறும். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் ஆண்ட புத்ததாசன் என்னும் மன்னன் மருத்துவத்தில் வல்லவன் எனவும், யானைக்கும் குதிரைக்கும் படைஞர்க்கும் தனித்தனியே மருத்துவரை நியமித்தான் எனவும் சூளவம்சம் கூறும். குதிரையை விற்றோரையும் குதிரைக்கு மருந்து செய்தோரையும் ஒருங்கே நினைவிற் கொண்டுள்ள மண் இது. விற்பனையும் மருத்துவமும் ஒன்றையொன்று பிரிந்துவிட்டால் ஓர் அரசுக்கு நேரக்கூடிய இழப்பு யாது என்பதனைக் கடலுக்கு அப்பால், பாண்டி நாட்டின் 13ஆம் நூற்றாண்டு வரலாறு காட்டி நிற்கின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்துக்குக் குதிரைகள் கடல் வழியே வந்தமையைச் சங்க நூலாகிய பட்டினப்பாலையால் அறிகின்றோம். சோழர் காலக் கல்வெட்டுகள் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளைக் குறிப்பிடுகின்றன. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பொருளைக் கோயிற்பணிக்குச் செலவிட்ட அமைச்சராகிய மாணிக்கவாசகரின் கதையைத் தமிழர் யாவரும் அறிவர். நரிகள் பரிகளாகிப் பின் இரவோடிரவாக மீண்டும் நரிகளாகிக் கொட்டிலைப் பாழ்படுத்திய அக்கதையின் சமயப் பொருள் வேறு. எனினும், பெரும்பொருள் கொடுத்துப் பெற்ற குதிரை கொட்டிலிற் புகுந்தபின் நிலைப்பதில்லை என்னும் நாட்டு அனுபவமும் அதன் பின்புலத்தே நிழலாடுகின்றது எனக் கொள்ளுதல் தவறாகாது.

இவ்வனுபவத்துக்குப் புறச்சான்றுகள் இரண்டு உள. ஒன்று, 13ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் பாண்டி நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோவின் குறிப்பு. மற்றது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீகத்திலிருந்து எழுதிய வரலாற்றாசிரியர் வசாபின் குறிப்பு. இருவரும் மாபார் எனச் சுட்டுவது பாண்டி நாட்டையே. அக்காலத்தே அங்கு ஆட்சி செலுத்தியவன் முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன்.

அந்நாட்டரசரும் அவர்தம் உடன்பிறந்தாரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்கினர் எனவும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறேனும் எஞ்சுவதில்லை எனவும் மார்க்கோ போலோ எழுதுகின்றார். இதற்கு அவர் கூறும் காரணங்கள் ஊன்றி நோக்கத்தக்கன. அந்நாட்டிற் குதிரைக்கு இலாடம் அடித்து நோய் தீர்க்க வல்லார் இலர். குதிரை விற்கும் வணிகர் அத்தகையோரைத் தம்முடன் அழைத்து வருவதுமில்லை, வர விடுவதுமில்லை. குதிரைக்குச் சோறும் சமைத்த இறைச்சியும் உணவாக இடப்படுகின்றன. அந்நாட்டிற் பிறக்கும் குட்டிகளும் கால் கோணிப் பயனற்றுப் போகின்றன என்பன அவை.

வசாபின் குறிப்பு வணிகத்தின் அளவை நன்கு புலப்படுத்தும். கீஷ் தீவின் தலைவராகிய ஜமாலுத்தீன் தம் சொந்த இலாயங்களிலிருந்து ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். கதீப், லஹ்சா, பஹ்ரைன், ஹொர்முஸ் முதலிய இடங்களிலிருந்தும் குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் அரச கருவூலத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் மாபாருக்கும் காம்பே முதலிய பிற துறைகளுக்குமாக ஆண்டுக்கு 10,000 குதிரைகள் ஏற்றுமதியாயின எனவும், அவற்றின் விலை 22 இலட்சம் தினார் எனவும் அவர் குறிக்கின்றார். இத்தொகை நிலவருவாயின் மிகுதியிலிருந்தும் கோயிற் பொருளிலிருந்தும் கொடுக்கப்பட்டதாம். அயலார் எழுதிய கணக்கில் மிகைபாடு இருக்கலாம். மிகையைக் கழித்து நோக்கினும், நாட்டின் செல்வத்தில் ஒரு பெரும் பகுதி கடல் கடந்து சென்றது என்பதில் ஐயமில்லை.

வசாபு தரும் மற்றுமொரு செய்தியே இக்கட்டுரைக்கு உயிர்நாடியாகும். வந்திறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும், நெய் கலந்த தானியமும், காய்ச்சிய பசுப்பாலும் கொடுத்தனர். கொழுக்க வேண்டும் என்னும் எண்ணத்தால் முளையடித்துக் கயிற்றாற் பிணித்து அவற்றை 40 நாள்கள் கொட்டிலிலேயே நிறுத்தினர். அதன் பின்னர், எவ்விதப் பயிற்சியும் அளிக்காமல், வீரர்கள் அவற்றின் மீதேறிப் பேய் போல விரட்டினர். வலிமையும் விரைவும் மிக்க குதிரைகளும் சின்னாளில் தளர்ந்து பயனற்றுப் போயின. ஆதலால் ஆண்டுதோறும் புதியன வேண்டப்பட்டன.

இக்குறிப்புகளை நம் வரலாற்றாசிரியர் சிலர் அயலாரின் இகழ்ச்சியுரை எனத் தள்ளினர். வேறு சிலர் வெப்ப நாட்டின் காலநிலையே காரணம் எனக் கொண்டனர். இன்றைய கால்நடை மருத்துவத்தின் துணைகொண்டு நோக்குமிடத்து மூன்றாவதொரு விளக்கம் புலனாகின்றது. அதுவே குளம்பழற்சி என்னும் லமினைற்றிஸ் நோயாகும்.

குதிரையின் குளம்பினுள் ஓர் எலும்பு உண்டு. அவ்வெலும்பைக் குளம்பின் உட்சுவரோடு பிணைத்து நிற்பவை நூற்றுக்கணக்கான மெல்லிய இழைத்தகடுகள். விலங்கின் நிறை முழுவதும் இத்தகடுகளிலேயே தொங்குகின்றது எனலாம். இவை அழற்சியுற்று நெகிழும்போது எலும்பு நிலைபெயர்ந்து கீழ்நோக்கிச் சுழலும். முற்றிய நிலையில் அடிக்குளம்பையே துளைத்து வெளிப்படும். நோயுற்ற குதிரை முன்கால்களை முன்னே நீட்டி, நிறையைப் பின்கால்களில் ஏற்றி நிற்கும், திரும்புவதற்கு அஞ்சும், குளம்பு வெதும்பும், காலின் நாடி துள்ளும்.

இந்நோயின் காரணங்களுள் தலையாயது தானிய மிகுதி. ஓரளவுக்கு மேற்பட்ட மாப்பொருள் சிறுகுடலிற் செரியாது பெருங்குடலை அடையுமாயின், அங்கு நொதித்து அமிலமும் நச்சுப் பொருள்களும் தோன்றும்; அவற்றின் விளைவு குளம்பைத் தாக்கும். குருதியில் இன்சுலின் நெடுநேரம் மிக்கிருத்தலும் இந்நோயைத் தோற்றுவிக்கும் என்பதை அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் நடத்திய ஆய்வுகளின் வழி 2007இல் அறிஞர் நிறுவினர். சமைத்த மாப்பொருள் குருதியிற் சர்க்கரையையும் இன்சுலினையும் விரைந்து உயர்த்த வல்லது. கொழுத்த உடலும் அசையாத வாழ்வும் அவ்வுயர்வுக்குத் துணை செய்வன. பழகாத குதிரையை வன்னிலத்தில் விரட்டுதலும் குளம்பைப் புண்படுத்தும். பாண்டி நாட்டுக் கொட்டிலில் இக்காரணங்கள் அனைத்தும் ஒருங்கே கூடியிருந்தமை வெளிப்படை.

இந்நோயின் அறிவு பண்டை உலகில் இல்லாமற் போகவில்லை. வாற்கோதுமையை மிகுதியாகத் தின்பதால் வரும் குதிரைநோயைக் கிரேக்க அறிஞர் செனபனும் அரிஸ்டாட்டிலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டுள்ளனர். இந்தியாவிற் சாலிகோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் பரிநூல்கள் வழங்கின. நகுலன் பெயரால் வழங்கும் அசுவசாத்திரத்தின் ஓவியச் சுவடி தஞ்சைச் சரசுவதி மகாலிற் பாதுகாக்கப்பட்டு 1952இல் நூலாகவும் வெளிவந்தது. நூலறிவு அரண்மனையில் இருக்க, கொட்டிலில் நின்று குளம்பைத் தொட்டுப் பார்க்கும் கையறிவு இல்லாமையே பாண்டி நாட்டின் குறையாயிற்று. மருத்துவரை வரவிடாத வணிகரின் நோக்கமும் இவ்விடத்துத் தெளிவாகும். குதிரை நெடுநாள் வாழின் அடுத்த ஆண்டின் வாணிகம் சுருங்குமன்றோ!

நோயிலிருந்து மீளும் குதிரையை இன்றைய மருத்துவர் நடத்தும் முறையோடு அந்த 40 நாள் வழக்கத்தை ஒப்பிடுதல் பயனுடையது. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய மருத்துவருட் பலர், குருதியை வடித்து, நோவோடு நிற்கும் குதிரையை வலிந்து நடக்கச் செய்தனர். அது தவறென இன்று அறியப்பட்டுள்ளது. அழற்சி மிக்க நாள்களில் நடக்கும் ஒவ்வோரடியும் நெகிழ்ந்த தகடுகளை மேலும் கிழிக்கும். ஆதலால் அக்காலத்தே ஆழ்ந்த மெத்தென்ற படுக்கையில் ஓய்வும், தொடக்கத்திலேயே குளம்புக்குப் பனிக்கட்டிக் குளிர்ச்சியும், தானியம் நீக்கி நீரில் ஊறவைத்த உலர்புல்லும், குளம்பைச் செப்பஞ் செய்யும் இலாடகாரரின் பணியும் வேண்டப்படும்.

நோவு தணிக்கும் மருந்து இன்றியும் குதிரை தானாக இலகுவாக அடியெடுத்து வைக்கும் நிலை வந்து, கதிர்ப்படத்தில் எலும்பு நிலைபெற்றமை தெரிந்த பின்னரே நடைப்பயிற்சி தொடங்கும். முதலிற் கையிற் பிடித்தவாறே, மெத்தென்று சமமாயுள்ள நிலத்தில், நேர்கோட்டில், சில நிமிட நேரமே நடத்துவர். குறுகிய வட்டமாகத் திருப்புதல் ஆகாது. திருப்பத்திலேயே தகடுகள் மிகுதியாக முறுக்குண்ணும். மறுநாட் காலையில் நடை, குளம்பின் வெப்பம், காலின் நாடி ஆகிய மூன்றையும் நோக்கி, தீங்கில்லையெனின் வாரந்தோறும் சில நிமிடம் கூட்டுவர். தீங்கு கண்டால் முந்திய படிக்கு மீள்வர். துள்ளு நடையும் ஏற்றமும் நெடுநாள் கழிந்த பின்னரே. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவாகவே வளர்வது; முன்விளிம்பு முழுவதும் புதிதாக வளர ஓராண்டளவு செல்லும். குளம்பு தாங்கும் நிலை எய்திய பின், மென்னடை உடற்கொழுப்பைக் குறைத்து இன்சுலினின் மிகையையும் தணிப்பதால், நோய் மீளாது காக்கும் மருந்தாகவும் அமைகின்றது.

இவ்வாறு நோக்கின், 40 நாள் ஓய்வு என்பது தன்னளவிற் பழுதுடையதன்று என்பது பெறப்படும். கடற்பயணத்தால் இளைத்த விலங்குக்கு ஓய்வு வேண்டியதே. ஓய்வுக் காலத்தில் உணவைப் பெருக்கியதும், ஓய்விலிருந்து உழைப்புக்குச் செல்லும் படிகளை அறவே நீக்கியதுமே கேட்டுக்கு வித்தாயின. பரிவோடு செய்த செயலே பகையாய் முடிந்தது. தன் பிள்ளைக்கு ஊட்டுவது போல நெய்யும் சோறும் ஊட்டிய கொட்டிற்காரன், தான் அக்குதிரையைக் கொல்கின்றோம் என அறிந்திருக்க மாட்டான்.

ஏழு நூற்றாண்டுக்கு முன் மடிந்த விலங்கின் நோயை இன்று உறுதியாக முடிவு செய்தல் இயலாது என்பதும் ஈண்டுக் கருதற்பாலது. இந்தியாவிற் பணிபுரிந்த கிரிபித் எவான்ஸ் 1880இற் கண்டறிந்த நுண்ணுயிரால் விளையும் சுரா நோயும், குடல்நோவும், வெப்பமும் பல குதிரைகளை மாய்த்திருத்தல் கூடும். குட்டிகளின் கால் கோணலுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனினும், கண்டோர் கூறிய உணவும் கட்டும் திடீர் ஓட்டமும் குளம்பழற்சிக்கு மிக உகந்த சூழல் என்னும் அளவில் முடிபு வலியுடையதே.

கொட்டிற் கையறிவின் குறையை நீக்கும் முயற்சி மிகப் பிற்காலத்ததே. சென்னையில் 1903இல் வேப்பேரியிற் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இலங்கையிற் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்வி 1947இல் தோன்றிப் பின்னர்ப் பேராதனைக்கு வந்தது. கலேவெலவின் மேற்கிலுள்ள யாப்பகூவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு, 1283இல் எகிப்துக்குத் தூதனுப்பி மேற்கு நாடுகளுடன் வாணிகம் நாடினான். அவன் காலத்தின் பின், குலசேகர பாண்டியனின் படைத்தலைவனாகிய ஆரியச்சக்கரவர்த்தி அவ்வரணை அழித்துப் புத்தரின் தந்ததாதுவைப் பாண்டி நாட்டுக்குக் கொண்டு சென்றான். குன்றரணை வென்ற அப்பேரரசின் கருவூலம், அதே காலத்தில், தன் கொட்டிலில் நின்ற குதிரையின் குளம்பின் வழியே கசிந்துகொண்டிருந்தது. பகைவரை எண்ணிப் படை திரட்டிய வேந்தர், ஒரு விலங்கை மெல்ல நடத்தவல்ல ஒருவனைத் தேடிக்கொள்ளவில்லை. அதற்கும் ஒன்பது நூற்றாண்டு முன்னரே, குதிரைக்கென மருத்துவனை நியமித்த புத்ததாசனின் செயல், பொருளை வாங்குவதைவிட வாங்கியதைப் பேணுதலே அரசாட்சியின் திறன் என்பதை இன்றும் உணர்த்தி நிற்கின்றது.