வெயில் நிறைந்த கரையில் ஒரு குறைபாடு: எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும் வைட்டமின் டி-யும்

தூத்துக்குடி மாவட்டம் ஆறுமுகநேரி உப்பளத்தில் பொழுது விடியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. வெயில் ஏறிவிட்டால் பாத்திக்குள் நிற்க முடியாது. இருட்டோடு வந்து, பலகையால் உப்பை வாரி வரப்பில் குவித்து, உச்சிக்கு முன்பே பெரும்பகுதி வேலையை முடித்துவிடப் பார்ப்பார்கள். பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டியிருப்பார்கள். தலையில் துண்டு, சுமக்கும்போது அதன்மேல் சும்மாடு. முகத்தில் பாதி துணிக்குள் இருக்கும். உப்புத் தண்ணீரில் ஊறிய பாதம் வெடித்திருக்கும். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசவைக்கும். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கும் ஊர் இது; ஆண்டு முழுவதும் சூரியனுக்குப் பஞ்சமில்லை. வைட்டமின் டி குறைபாட்டைப் பற்றி எழுத இந்த ஊரை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். வெயில் இருப்பது வேறு, அது உடம்பில் சேர்வது வேறு என்பதை இந்த உப்பளத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் இரத்தத்தில் வைட்டமின் டி குறைந்திருப்பதை உலகின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. அதிலிருந்து ‘எல்லோருக்கும் வைட்டமின் டி கொடுத்தால் நோய் எதிர்ப்பு கூடும், ஆயுள் நீளும்’ என்ற முடிவுக்குத் தாவுவது எளிது. மருந்துக்கடைகள் அந்த முடிவை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாவல் தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். வைட்டமின் டி குறைவு பெரும்பாலும் நோயின் காரணம் அன்று, நலிவின் அடையாளம். ஆனால் எலும்பு என்று வரும்போது கதை மாறுகிறது. அங்கே அது அடையாளமாக மட்டும் நிற்பதில்லை. சிகிச்சைக்குரிய பொருளாகவே ஆகிறது. எலும்பைக் காக்க அதைக் கொடுக்கும்போது, இந்தக் கரையில் சிறுநீரகத்தைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. அன்று அது மரணத் தீர்ப்பு. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து சிகிச்சை தரத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களில் ஒன்று. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 2021 மதிப்பீட்டின்படி நாட்டில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்தார்கள். மாத்திரையை விடாமல் எடுப்பவர் இன்று மற்றவர்களைப் போலவே முதுமையை எட்டுகிறார். அதனால் மருத்துவரின் கேள்வி ‘இவர் பிழைப்பாரா’ என்பதிலிருந்து ‘இவருடைய எலும்பும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன’ என்பதற்கு நகர்ந்திருக்கிறது. வைட்டமின் டி பேச்சு வலுப்பெற்றது இந்த நகர்வில்தான்.

முதலில் வெயில். தோலில் உள்ள கொழுப்புப் பொருளொன்றில் புறஊதா பி கதிர் பட்டால் வைட்டமின் டி உருவாகிறது. கதிர் சாய்வாக வரும் காலையிலும் மாலையிலும் இது மிகக் குறைவு. தென்னிந்தியாவில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்த திருப்பதி மருத்துவர் ஹரிநாராயணின் குழு, முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் இந்த மாற்றம் நன்றாக நடக்கிறது என்று காட்டியது. கருத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். விடியுமுன் வேலைக்கு வந்து, துணியால் மூடிக்கொண்டு, உச்சி வெயிலுக்கு முன் நிழலுக்குப் போகிற உப்பளத் தொழிலாளி வாழ்நாளெல்லாம் வெட்டவெளியில் உழைத்தும் அந்த மூன்று மணி நேரத்தைத் தவிர்த்துவிடுகிறார். தவிர்ப்பது அறியாமையால் அன்று. அந்த வெயிலில் பாத்தியில் நின்றால் ஆள் விழுந்துவிடுவார். ‘வெயிலில் நில்லுங்கள்’ என்ற அறிவுரையை இவர்களிடம் சொல்வது கொடுமை. திருப்பதிக் குழு இன்னொன்றையும் சொன்னது: கிராமத்து உழைப்பாளிகளுக்கு நகரத்தாரைவிட வைட்டமின் டி கூடுதலாக இருந்தும், போதிய அளவில் இல்லை. கால்சியம் குறைந்த, தானியமே மிகுந்த சாப்பாடு, உடம்பில் இருக்கும் வைட்டமின் டி-யையும் சீக்கிரம் செலவழித்துவிடுகிறது. சோறும் குழம்புமாக வயிற்றை நிரப்புகிற வீடுகளுக்கு இது நேராகப் பொருந்தும்.

இனி எச்.ஐ.வி. ஒன்பது நாடுகளில் 1571 பேரிடம் நடந்த ஒரு பெரிய மருந்து ஆய்வில் சென்னையும் புனேயும் இடம்பெற்றன. ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயர் ‘முத்துகள்’ என்று பொருள்படும். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற இந்தக் கரையில் இருந்து எழுதுகிறவனுக்கு அந்தப் பெயர் மனத்தில் ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களின் இரத்த மாதிரிகளைக் கொண்டு 2014-இல் வெளியான பகுப்பாய்வில், சிகிச்சை தொடங்கும்போது ஏறத்தாழ பாதிப் பேருக்கு வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 32 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு: பிரேசிலில் 27 விழுக்காடு, தாய்லாந்தில் 78 விழுக்காடு. குறைவாக இருந்தவர்களிடம் நோய் முற்றுவதோ இறப்போ நேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல். வைரஸ் கட்டுக்குள் வராமல் போவதும் அதே அளவுக்கு மிகுதி. ஐரோப்பியத் தொடராய்வுகளும் இதே திசையைக் காட்டின.

இவற்றுக்கு ஓர் உயிரியல் நியாயமும் இருந்தது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, காசநோய்க் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் வைட்டமின் டி-யின் துணையோடு கேத்தலிசிடின் என்ற கிருமிக்கொல்லிப் புரதத்தை உண்டாக்குவதைக் காட்டியது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரை இந்தியாவில் அதிகம் கொல்வது காசநோய். கோட்பாடு, ஆய்வுக்கூடம், கணக்கு மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் யாருக்கும் நம்பிக்கை பிறக்கும்.

அந்த நம்பிக்கையைத் தான்சானியா சோதித்துப் பார்த்தது. தார் எஸ் சலாமில் கூட்டு மருந்து தொடங்கிய, வைட்டமின் டி குறைந்த ஏறத்தாழ 4000 பேரில் பாதிப் பேருக்கு வைட்டமின் டி. பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. முதல் மாதம் வாரம் 50,000 அலகு, பிறகு நாளுக்கு 2000 அலகு, ஓராண்டு. 2020-இல் முடிவு வெளியானது. இறப்பு குறையவில்லை. நுரையீரல் காசநோய் குறைந்ததாகவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் முன்னின்று 247 காசநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், பெரிய அளவில் வைட்டமின் டி கொடுத்தும் சளியில் கிருமி மறையும் காலம் குறையவில்லை. அது எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் நடந்தது, ஆனாலும் கேத்தலிசிடின் வாதத்துக்கு அது நேரடிச் சோதனை.

முந்தைய ஆய்வுகள் பொய்யா? இல்லை. அவை கண்டது உண்மை. அதற்குக் கொடுத்த பொருள்தான் பிழை. உடம்பில் அழற்சி ஓங்கினால் வைட்டமின் டி-யின் அளவு தானாகவே இறங்குகிறது. மெலிந்தவர், படுத்திருப்பவர், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று வீட்டுக்குள் அடைந்திருப்பவர் யாருக்கும் வெயில் படுவதில்லை. நோய் முற்றியவரிடம் வைட்டமின் டி குறைவதும், நோய் முற்றியவர் இறப்பதும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. மாரி வந்தால் உப்பளமும் காலியாகிறது, குளமும் நிறைகிறது. உப்பளம் காலியானதால் குளம் நிறைந்தது என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ‘குறைவு’ என்பதன் எல்லைக்கோடும் கற்பாறையில் வெட்டியதன்று. 2011-இல் அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு 20 நானோகிராம் போதும் என்றது. அதே ஆண்டு நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. 2024-இல் அதே சங்கம் அந்த 30-ஐக் கைவிட்டது. ஓர் எண்ணைக் காட்டி ஒரு தொழிலாளியின் ஒன்றிரண்டு நாள் கூலியைப் பரிசோதனைக்கூடத்தில் கட்டவைப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

எலும்பின் கதை வேறு என்று தொடக்கத்தில் சொன்னேன். இந்தியக் கூட்டு மருந்தில் பல ஆண்டுகள் டெனோபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் மூன்றும் ஒரே மாத்திரையாக இருந்தன. எஃபாவிரென்ஸ் கல்லீரலின் நொதிகளை முடுக்கி வைட்டமின் டி-யைச் சிதைக்கச் செய்கிறது. டெனோபோவிர் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் தங்கி, பாஸ்பேட்டை வெளியேறவைத்து, பாராதைராய்டு ஹார்மோனை ஏற்றி, எலும்பின் அடர்த்தியைக் குறைக்கிறது. சிகிச்சை தொடங்கும் முதல் ஆண்டிலேயே இந்த இழப்பு தெரியும். இந்த மூன்றில் இரண்டு மருந்துகள் அடங்கிய ஒரு கூட்டு மருந்தைத் தொடங்கிய 165 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 4000 அலகு வைட்டமின் டி-யும் 1000 மில்லிகிராம் கால்சியமும் கொடுத்தார்கள். 48 வாரத்தில் இடுப்பெலும்பின் அடர்த்தி வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது, மற்றவர்களுக்கு ஒன்றரை விழுக்காட்டுக்கும் கீழே. இழப்பு பாதிக்கும் கீழே. உயிரைக் காக்கும் என்று சொல்லப்பட்ட மாத்திரை உயிரைக் காக்கவில்லை, எலும்பைக் காத்தது. 2020-க்குப் பிறகு எஃபாவிரென்ஸின் இடத்துக்கு டோலுடெக்ராவிர் வந்துவிட்டது. சிதைக்கும் வேலை நின்றது. டெனோபோவிர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் உப்பளம் திரும்ப வருகிறது. வைட்டமின் டி தன் வேலையைச் செய்யும் வடிவத்தைப் பெறுவது சிறுநீரகத்தில். டெனோபோவிர் உடம்பை விட்டு வெளியேறுவதும் சிறுநீரகத்தின் வழியே. தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களின் 352 தொழிலாளர்களிடம் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தில் உழைத்தார்கள். ஏழு விழுக்காட்டினருக்குச் சிறுநீரகத்தின் வடிதிறன் குறைந்திருந்தது. காரணம் வெப்பம் மட்டுமன்று. அளத்தில் கழிப்பறை இருக்காது. ஒதுங்க இடமில்லாத பெண், தாகமெடுத்தாலும் தண்ணீரைத் தள்ளிப்போடுகிறார். வியர்வையில் போனது திரும்ப உள்ளே வருவதில்லை. அந்த உடம்பில்தான் டெனோபோவிர் ஒவ்வொரு நாளும் இறங்குகிறது. அதன்மேல் கடையில் எளிதாகக் கிடைக்கும் 60,000 அலகுப் பொடியை வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில்லாமல் பாலில் கலந்து குடித்தால், இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் இன்னும் அடிபடும். ‘சத்து மருந்துதானே, என்ன செய்துவிடும்’ என்ற எண்ணம் வேறு எந்த ஊரையும்விட இந்த ஊரில் ஆபத்தானது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. புன்னைக்காயலிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் கரையேறும் சாளை, வைட்டமின் டி இயற்கையாக உள்ள மிகச் சில உணவுகளில் ஒன்று. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் சேரும். விலையுயர்ந்த மீனைத் தேட வேண்டியதில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்த ஆய்வு 2023-இல் வெளியானது. வீட்டாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. வைட்டமின் டி தனித்து நின்று தான்சானியாவிலும் வேலூரிலும் சாதிக்காததை, வயிறு நிறைந்த சாப்பாடு சாதித்தது. ஆறுமுகநேரியில் வயிறு நிறைவது பருவத்தைப் பொறுத்தது. மழை தொடங்கினால் அளத்தில் வேலையில்லை. தமிழக அரசு மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளருக்கு 5000 ரூபாய் தரத் தொடங்கியதை நான் ஊட்டச்சத்துத் திட்டமாகவே பார்க்கிறேன். எச்.ஐ.வி.யுடன் வாழும் தொழிலாளியின் எலும்பைக் காப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

ஆகவே எல்லோருக்கும் பரிசோதனையும் வேண்டாம், எல்லோருக்கும் மாத்திரையும் வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவர், மாதவிடாய் நின்ற பெண், முன்பு எலும்பு முறிந்தவர், மெலிந்தவர், டெனோபோவிர் தொடங்கும் முதல் ஆண்டில் இருப்பவர் ஆகியோருக்கு வைட்டமின் டி-யும் கால்சியமும் சேர்த்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, நாளளவில் கொடுப்பதே சான்றுக்கு நெருக்கமான வழி. இடுப்பு வலி, தொடை வலி என்று வருபவரை ‘உப்பு சுமக்கிற வலி’ என்று அனுப்பிவிடாமல் எலும்பை நினைக்க வேண்டும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்து சிகிச்சை) மையத்துக்கு ஆறுமுகநேரியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். வருகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, யாரும் பார்க்கக் கூடாதே என்ற பயத்தோடு பேருந்தில் வருகிறார். மேசையின் மறுபக்கம் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. வைட்டமின் டி-க்குச் சீட்டு எழுதுமுன், ‘அளத்து வேலையாம்மா? எத்தனை மணிக்குப் போறீங்க? தண்ணி குடிக்கிறீங்களா? ஒதுங்க இடம் இருக்கா?’ என்று கேளுங்கள்.